மலிவு விலைக் கைத்துப்பாக்கி: சில ஆண்டுகள் வைத்திருந்த அனுபவம்

அமெரிக்காவில் 150 டாலருக்கும் குறைவான விலைக்குப் புத்தம் புதிய கைத்துப்பாக்கி கிடைக்கும். அப்படி ஒன்றை டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் புறநகரில் வாங்கிச் சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். 380 ரகத் தோட்டா போடும் சிறிய அரைத்தானியங்கி வகை அது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றேதான் தவிர்த்திருக்கிறேன், ஏனெனில் இந்த விலைக்குள் வரும் பல துப்பாக்கிகளின் கட்டுமானம் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குவதில் சிரமம் எதுவும் இருக்கவில்லை. கிரீன் கார்டு கையில் இருந்தது, துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற அரசுப் படிவத்தைக் கடையில் நிரப்பினேன், பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததும் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். (எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, இந்த உரிமை கிடையாது. புதிதாக வந்த நண்பர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.)

முதல் நாள் சுடுதளத்திலேயே தொல்லை தொடங்கிவிட்டது. ஸ்லைடு (ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பும் மேற்பகுதி) முழுவதுமாகப் பின்னால் போகாததால், சுட்டு முடிந்த வெற்றுக் குப்பி வெளியே தெறித்து விழாமல் திறப்பிலேயே செங்குத்தாக மாட்டிக்கொண்டு நின்றது. அதைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தால், அடுத்த தோட்டா மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூட்டிலிருந்து) மேலே ஏறும்போது முனை குழல் வாயின் சரிவில் இடித்துப் பாதியிலேயே நின்றது. முனை உருண்டையாக இருக்கும் பயிற்சித் தோட்டாவுக்கே இந்த நிலை என்றால், வீட்டுப் பாதுகாப்புக்கென்று விற்கப்படும், முனையில் குழி உள்ள தோட்டாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புதுத் துப்பாக்கிக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், இரண்டு மூன்று பெட்டித் தோட்டா போனால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு மூன்று பெட்டிகளுக்குப் பிறகு வந்ததோ வேறொரு கோளாறு.

விசையை இழுத்தால் 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்கும், வெடிக்காது. அப்படி நேர்ந்தால் குழலை இலக்கின் பக்கமே நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பது சுடுதள விதி, தோட்டா தாமதமாக வெடிக்கவும் கூடும் என்பதுதான் காரணம். காத்திருந்து வெளியே எடுத்த தோட்டாவை வெளிச்சத்தில் பார்த்தபோது, அடிப்புறத்து பிரைமரில் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) ஊசி பட்ட தடம் இருந்தது. ஆனால் ஒழுங்காக வெடித்த குப்பியில் ஆழமாகத் தெரியும் குழி இதில் நகம் அழுத்திய அளவுக்குத்தான் பதிந்திருந்தது. அதே தோட்டாவை மறுபடி போட்டதும் வெடித்தது. குறை தோட்டாவில் இல்லை, அடிக்கும் ஊசியின் வேகத்தில் இருந்தது என்பது அதிலிருந்து தெளிவானது. பத்து முறைக்கு ஒரு முறை பற்றாத கேஸ் லைட்டரை இன்னொரு தடவை அழுத்திக்கொள்ளலாம். நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வரும் நேரத்துக்கென்றே வாங்கிய பொருளுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது.

குறையின் வேர் உலோகத்தில் இருக்கிறது. இவற்றின் உடற்சட்டகமும் ஸ்லைடும் எஃகு அல்ல, ஜமாக் எனப்படும் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தவை. ஏறத்தாழ 385 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம் அது. இல்லினாய் மாநிலம் 800 டிகிரி பாரன்ஹீட்டுக்கு (சுமார் 427 டிகிரி செல்சியஸ்) கீழே உருகும் கைத்துப்பாக்கிகளை விற்கக் கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறது. வார்ப்பதற்கு எளிது, கடைசலுக்கு அதிகம் செலவாகாது, ஆகவே விலை குறைகிறது. ஆனால் தேய்மானம் சீக்கிரம் வருகிறது. என்னுடையதில் விசையோடு இணைந்த உறுப்புகள் வந்து உரசும் விளிம்பு மழுங்கிப் பளபளக்கத் தொடங்கியதை ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் பார்த்தேன். மேலும், இந்த எளிய அமைப்பில் வெடிப்பின் உதைப்பைத் தாங்க ஸ்லைடின் எடையையும் ஸ்பிரிங்கின் விறைப்பையுமே நம்பியிருக்க வேண்டியிருப்பதால், ஸ்லைடைப் பின்னால் இழுப்பது பெரும்பாடு. என் மனைவியால் அதை இழுக்கவே முடியவில்லை. வீட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் அவருக்கும் உதவ வேண்டும் என்று வாங்கியதன் நோக்கத்தில் பாதி அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

இப்படிப்பட்ட பொருள் சந்தைக்கு வந்த கதையும் வேடிக்கையானதுதான். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மலிவான சிறு கைத்துப்பாக்கிகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதைத் தடுத்தது. உள்நாட்டில் தயாரிப்பதை அது தொடவில்லை. விளைவாக, லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி ரேவன், பிரைகோ, லோர்சின், டேவிஸ் என்று வரிசையாக நிறுவனங்கள் முளைத்து அந்த இடத்தை நிரப்பின. பொம்மையையும் ரொட்டி சுடும் கருவியையும் கண்காணிக்கும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கியின் மீது அதிகாரம் கிடையாது, ஆகவே குறையுள்ள துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி அது உத்தரவிட முடியாது.

கலிபோர்னியாவோ 2001 முதல் ஒரு சோதனையைக் கட்டாயமாக்கியது. ஒரு மாதிரியில் மூன்று துப்பாக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 தோட்டாக்கள் சுட வேண்டும். முதல் 20இல் கோளாறே வரக் கூடாது, மொத்தத்தில் ஆறுக்கு மேல் போகக் கூடாது. ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து கீழே போட்டாலும் வெடிக்கக் கூடாது. டெக்சாஸில் அப்படி எதுவும் தேவையில்லை. என்னுடையது அந்தச் சோதனையின் முதல் 20ஐயே தாண்டியிருக்காது.

வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காததைவிட, வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடித்துவிடுமோ என்ற எண்ணம்தான் என்னை அதிகம் உறுத்தியது. 1994இல் கலிபோர்னியாவில் பிரைகோ துப்பாக்கி ஒன்றைக் காலி செய்ய முயன்றபோது அது வெடித்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனான். சேஃப்டியை (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டை) விலக்கினால்தான் ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை எடுக்க முடியும் என்பது அதன் வடிவமைப்பு. 2003இல் நீதிமன்ற நடுவர் குழு தயாரிப்பாளரையும் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்ததும் நிறுவனம் திவால் மனு போட்டது. என் துப்பாக்கியிலும் சேஃப்டி அதே விதத்தில்தான் இயங்குகிறது. இதைப் படித்த அன்றிலிருந்து குழலில் தோட்டா ஏற்றி வைப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆயுட்கால உத்தரவாதம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது உண்மைதான். ஆனால் கைத்துப்பாக்கியைச் சாதாரண மக்கள் அஞ்சலில் அனுப்ப 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை விதித்திருந்தது. நான் விசாரித்த காலத்தில் பெரிய தனியார் கூரியர்களும் உரிமம் பெற்ற வணிகர்களிடமிருந்து மட்டுமே வாங்கினார்கள். எனவே கடைக்காரர் மூலம், அவருக்கும் ஒரு கட்டணம் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. புது ஸ்பிரிங்கும் புது மேகசினும் போட்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடி, பழையபடி ஆயிற்று. 380 தோட்டா 9 மில்லிமீட்டரைவிடப் பொதுவாக விலை அதிகம். நம்பலாமா என்று சோதித்துப் பார்ப்பதற்கே துப்பாக்கியின் விலையைத் தாண்டிச் செலவழித்துவிட்டேன்.

விற்றுவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். கடையில் கேட்டதற்கு ஒரு பெட்டித் தோட்டாவின் விலைதான் தருவதாகச் சொன்னார்கள். இந்த மாநிலத்திலேயே வசிக்கும் இன்னொருவருக்கு நேரடியாக விற்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதை நம்பி அவர் தலைமாட்டில் வைத்துக்கொள்வார் என்று தெரிந்தே எப்படிக் கொடுப்பது? ஹூஸ்டன் மாநகராட்சி 2022இல் முகாம் நடத்தி, துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டு பரிசு அட்டை கொடுத்தபோது, பழுது பார்த்தால் சரியாகிவிடும் என்ற நினைப்பில் நான் போகவில்லை.

இப்போது வீட்டில் பாதுகாப்புக்கென்று இருப்பது, காவல் துறை ஒன்று புது மாதிரிக்கு மாறியபோது கழித்துவிட்ட 9 மில்லிமீட்டர் துப்பாக்கி. உறையில் உரசி வெளிப்பூச்சு போயிருக்கிறதே தவிர உள்ளே தேய்மானம் குறைவு. விலை 300 டாலர் சுமார். மனைவியால் ஸ்லைடை இழுக்க முடிகிறது, மேகசினும் ஸ்பிரிங்கும் எந்தக் கடையிலும் கிடைக்கின்றன. முனையில் குழி உள்ள தோட்டா இதுவரை ஒரு முறைகூட மாட்டிக்கொள்ளவில்லை.