உப்புக்காற்றில் ஓடும் பழைய டெஸ்க்டாப்: நெடுநாள் அனுபவம்

வீட்டில் இருப்பது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசரும், எச்81 சிப்செட் உள்ள மதர்போர்டும் (எல்லா பாகங்களையும் இணைக்கும் பலகை) கொண்ட டெஸ்க்டாப். வாங்கும்போது 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் வீடு. அது இன்றைக்கும் நன்றாக ஓடுகிறதென்றால், ஒவ்வொன்றுக்கும் கடைக்குத் தூக்கிப்போகாமல் நானே திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் காரணம்.

இந்தப் பக்கம் கம்ப்யூட்டரை அதிகம் கெடுப்பது உப்புக்காற்று. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதில் தூசி சேர்ந்தால், பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளித்துணி மாதிரி அப்பிக்கொள்ளும். மழைக்காலத்தில் திடீரென்று ஃபேன் மட்டும் சுற்றும், திரை வராது, பீப் சத்தம் கேட்கும். முதலில் பார்க்கவேண்டியது ராம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வடித்துவிட வேண்டும். ராமைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தங்கநிறப் பட்டைகளில் மங்கலான திட்டுகள் தெரியும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, கிளிப் 'டிக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். தூசியை ஊத ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேனை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும்.

கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்தது சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத, சாட்டா கேபிளில் மாட்டும் வேகமான சேமிப்பகம். ஹார்ட் டிஸ்க்கின் வேகம் நொடிக்கு 150 எம்பியைத் தாண்டுவதே கஷ்டம், இது 500க்கு மேல் போகிறது. ஒரு விஷயம்: எச்81 சிப்செட்டில் நாலு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிபிபிஎஸ் என்ற அதிக வேகம் உள்ளவை. மேனுவலைப் பார்த்து அதில் மாட்டுங்கள். அடுத்து ராமை 8 ஜிபி ஆக்கினேன். இதற்கான டிடிஆர்3 வகை ராம் பழைய சரக்காகவே தாராளமாகக் கிடைக்கிறது. பிறகு அதே சாக்கெட்டில் உட்காரும் பழைய ஐ5-4570 பிராசசரைப் போட்டேன். ஐ3-4130 போன்றவை 54 வாட், இது 84 வாட்; சூடும் அதிகம். அதனால் பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போடாமல் மாற்றவே கூடாது.

தேதி, நேரம் பின்னால் போய், இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று பயமுறுத்தினால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரியான சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும். எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். கேபினெட்டோடு வந்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை நான் பழுது பார்க்கவில்லை, நல்லதாக மாற்றிவிட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெட்டியைப் பரண்மேல் ஏற்றி வைத்திருந்தோம். கரண்ட் வந்தவுடனே ஆன் செய்யாமல், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்டேன். ஒரு பழுதும் இல்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறையை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால் இப்போது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம்தான் ஓடுகிறது. தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர் எல்லாம் சரியாக வேலை செய்கின்றன. பின்பக்க யுஎஸ்பி போர்ட்டுகளில் துரு ஏற ஆரம்பித்திருக்கிறது. அதற்கு மட்டும் தூசி மூடி வாங்கவேண்டும்.