மால்டாவில் ஸ்கூபா போகிறவர்களுக்கு: "மூணு மீட்டர்தானே" என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

மே மாதம் நானும் தம்பியும் மால்டா போயிருந்தோம். ஆளுக்கு 160 யூரோவில் ஒரு ஸ்கூபா பேக்கேஜ். கோமினோ தீவுக்குப் படகு, சின்னக் குழு, கடலுக்கடியில் போட்டோ, முடிவில் "சர்வதேச டைவர் சர்டிபிகேட்". பணத்தகராறு வங்கியில் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயர் இங்கே வேண்டாம். இப்படி விற்கிற கடை அது ஒன்றாக மட்டும் இருக்காது.

காலையில் போய் நின்றதும் "வடகிழக்குக் காற்று, படகு போகாது, ஆர் லாப்சிக்கு வேனில் போகலாம்" என்றார்கள். அதில் பொய்யில்லை. அந்தக் காற்று அடிக்கும் நாளில் கோமினோ பக்கம் அலை தூக்கும், எதிர்ப்பக்கம் தென்மேற்குக் கரையில் இருக்கும் ஆர் லாப்சி ஒதுக்குப்புறமாக அமைதியாகக் கிடக்கும். ஒழுங்கான கடைகளும் அன்றைக்கு அங்கேதான் வரும். ஆனால் படகுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் அல்லவா? கேட்டால், "அது பேக்கேஜ் விலைங்க" என்று பதில்.

அடுத்தது மருத்துவப் படிவம். தம்பிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. ஆஸ்துமா கேள்விக்கு 'ஆம்' என்று டிக் செய்து கொடுத்தான். 'ஆம்' என்றால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் தாள் ஒன்றை நீட்டினார். "எல்லாத்துக்கும் 'இல்லை' போடுங்க. மூணு மீட்டர்தானே போறோம்." என்னிடம் திரும்பி, வீசிங் விஷயத்தைக் கடலோரத்தில் ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்றார். ஆசிரியரோ எந்தத் தாளையும் பார்க்கவில்லை.

அன்று முழுக்க இந்த "மூணு மீட்டர்தானே" ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு பேருக்கு ஒரே ஆசிரியர். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி ஏஜென்சியின் விதிப்படி முதல்முறை கடலில் இறங்குகிறவர்களை ஓர் ஆசிரியர் நான்கு பேருக்கு மேல் கூட்டிப் போகக் கூடாது. கேட்டோம், மூணு மீட்டர்தானே. எங்களோடு வந்த ஒரு ஜோடிக்கு அன்றிரவே விமானம். ஒரே ஒரு டைவ் என்றாலும் பறப்பதற்கு முன் 12 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வது வழக்கமான பரிந்துரை. அவர்களுக்கும் அதே பதில். தம்பியின் டாங்கில், காற்றழுத்தம் காட்டும் கேஜின் ஊசி 110-இல் நின்றது. நிரப்பிய டாங்க் 200 பார் (அழுத்த அளவு) காட்ட வேண்டும், 50 இருக்கும்போது மேலே வந்துவிட வேண்டும். அதாவது காலையில் யாரோ சுவாசித்துவிட்டு வைத்த மிச்சக் காற்று. அதற்கும் அதேதான். டாங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற அவன் ரெகுலேட்டரில் பல்லால் கடித்துப் பிடிக்கிற ரப்பர் முனை ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தது. "அக்கா, கடிச்சா நழுவுது" என்றான். உதட்டை இறுக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இடத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. படி இறங்கினால் மீனவர்களின் படகுக் கொட்டில்கள், பாறைகளுக்கு நடுவே குளம் மாதிரித் தெளிந்த தண்ணீர், எதிரே கடலில் ஃபில்ஃப்லா தீவு. உள்ளே இறங்கியதும் வெயில் பாறையில் நெளிகிறது. பாறை இடுக்குகளில் கம்பளிப் பூச்சிபோல மயிர் வைத்த நெருப்புப் புழுக்கள் ஊர்ந்தன. தொட்டால் எரியும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டது.

கொஞ்ச நேரத்தில் தம்பியின் மாஸ்க்கில் தண்ணீர் ஏறியது. ஆசிரியர் வளைகுடாவின் அந்தக் கோடியில் வேறொருவருக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பிடிப்பதற்குள் இவன் காலை உதைத்துக்கொண்டு நேரே மேலே போய்விட்டான். இருமிக்கொண்டே போனதால் காற்று வெளியேறியது, தப்பித்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் "ஆழமில்லை" என்ற சமாதானத்தைப் பலரும் நம்புகிறார்கள். கடல்மட்டத்தில் அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். 30 மீட்டரிலிருந்து 20-க்கு ஏறினால் அழுத்தம் 4-இலிருந்து 3 ஆகிறது, நெஞ்சில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். 3 மீட்டரிலிருந்து மேலே வந்தால் 1.3-இலிருந்து 1, அதே காற்று 30 சதவீதம் விரியும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். டாங்க் காற்றை இழுத்துவிட்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம், குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். ஒரு மீட்டர் சொச்சம் ஆழத்திலேயே இது நடந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. வீசிங் உள்ளவருக்குக் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து இன்னும் அதிகம். படிவத்தில் அந்தக் கேள்வி சும்மா இல்லை.

கரையேறியதும் ஆக்சிஜன் கிட் எங்கே என்று கேட்டேன். வேனில் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. டைவுக்குப் பிறகு நெஞ்சுவலி, ரத்தம் கலந்த இருமல், மரமரப்பு, பேச்சுக் குழறல் எது வந்தாலும் 112-ஐக் கூப்பிடுங்கள். மாட்டர் டெய் மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை தரும் உயர் அழுத்த அறை இருக்கிறது. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

சர்டிபிகேட் கதை இன்னொன்று. தங்கமுலாம் பூசிய தாளில் "12 மீட்டர் வரை" என்று அச்சடித்து என் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். எந்த ஏஜென்சியின் எண்ணும் அதில் இல்லை. பக்கத்துத் தீவான கோசோவில் இன்னொரு டைவ் கடையில் காட்டியபோது அங்கிருந்த பெண்மணி சிரித்துவிட்டார். டைவர்களின் அடிப்படைச் சான்றான ஓப்பன் வாட்டர் அட்டைக்கு நீச்சல்குளப் பயிற்சி, தேர்வு, அதற்கு மேல் 4 கடல் டைவ் வேண்டும். ஒரு மதியத்தில் கிடைக்கிற எதுவும் அனுபவ டைவ் மட்டுமே. அதற்கு அங்கே பாதி விலைதான் சொன்னார்கள்.

போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், ஆசிரியரின் ஏஜென்சி எண் என்ன (இணையத்தில் சரிபார்க்கலாம்), காற்று அடித்தால் படகுப் பணம் என்னவாகும், ஆக்சிஜன் கூட வருமா. இறங்குமுன் கேஜைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு இழுங்கள். ஊசி ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

போட்டோவுக்குத் தனியாக 25 யூரோ கேட்டார்கள், பேக்கேஜில் உண்டு என்று போட்டிருந்தும். கொடுத்து வாங்கினேன். ஒரு படத்தில் ஆறு பேரும் ஒரே ஆசிரியரும் வரிசையாக நிற்கிறோம். இன்னொன்றில் தம்பியின் கேஜ் தெளிவாகத் தெரிகிறது. இரண்டையும் புக்கிங் பக்கத்தின் நகலோடு சேர்த்து கார்டு வங்கிக்கு அனுப்பினேன். படகுக் கட்டணம் மட்டும் திரும்பியிருக்கிறது. மீதிக்கு, கையெழுத்திட்ட மருத்துவப் படிவத்தின் நகலைக் கடையிடம் கேட்டிருக்கிறார்களாம்.