டிவியில் சத்தம் பிந்துகிறதா, முந்துகிறதா? வயர், புளூடூத், ஸ்லைடர், புதுப் பெட்டி: எது எதற்குச் சரிவரும்

டிவியில் ஆள் பேசி முடித்த பிறகு குரல் வருகிறது. இல்லாவிட்டால் வாயைத் திறக்கும் முன்பே குரல் வந்துவிடுகிறது. இரண்டையும் "சிங்க் இல்லை" என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். திருகோணமலையில் நாலு பேரிடம் கேட்டால் நாலு வைத்தியம் கிடைக்கும். ஒருவர் புது சவுண்ட்பார் வாங்கு என்பார், ஒருவர் இன்டர்நெட் பெக்கேஜை மாற்று என்பார், இன்னொருவர் டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைப் போடு என்பார், சொந்தக்காரப் பொடியன் செட்டிங்ஸுக்குள் போய் ஒரு ஸ்லைடரைத் தள்ளிவிட்டுப் போவான். இதில் எது சரிவரும் என்பது ஒரு கேள்வியில்தான் தங்கியிருக்கிறது: சத்தம் பிந்துகிறதா, முந்துகிறதா?

கண்டுபிடிக்கத் தமிழ்ச் செய்தி போதும். வாசிப்பவர் 'ம்', 'ப்' சொல்லும்போது உதடு மூடியே ஆகவேண்டும். "அம்பாறை", "முப்பது" மாதிரிச் சொற்கள் வரும்போது உதட்டை மட்டும் பாருங்கள். மூடித் திறந்த பிறகு சத்தம் வந்தால் பிந்துகிறது; மூடும் முன்பே வந்தால் முந்துகிறது. தெலுங்கு, மலையாளப் படங்களின் தமிழ் டப்பிங்கை வைத்து மட்டும் சோதிக்க வேண்டாம். அங்கே உதடு ஒரு மொழி பேசுகிறது, குரல் இன்னொரு மொழி பேசுகிறது. உலகத்தில் எந்தச் செட்டிங்கும் அதைப் பொருத்தாது. நல்ல சவுண்ட்பாரை இந்தக் காரணத்துக்காகத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முந்துவதும் பிந்துவதும் காதுக்கு ஒரே அளவு தொந்தரவு இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பிடி.1359 என்ற பரிந்துரைப்படி, சத்தம் 45 மில்லிசெக்கன் முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்வார். பிந்துவதென்றால் 125 மில்லிசெக்கன் வரை தெரியாது. டச்சுக் குடாக் கரையில் நின்று, 100 மீட்டர் தள்ளி ஒருவர் வள்ளத்துக்கு ஆணி அடிப்பதைப் பாருங்கள். சுத்தியல் விழுந்து ஏறக்குறைய 0.3 செக்கன் கழித்துத்தான் "டக்" என்று கேட்கும். பிந்தி வரும் சத்தம் நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். முந்தி வரும் சத்தம் இயற்கையில் கிடையாது. அதனால் கொஞ்சம் முந்தினாலும் எரிச்சல் வருகிறது.

புளூடூத்தா, வயரா?

நம் ஊர் வீடுகளில் வரும் முறைப்பாட்டில் பெரும்பங்கு இங்கேதான். டிவியின் சொந்த ஸ்பீக்கர் மெலிசு என்று புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைச் சேர்த்துவிடுகிறோம். உவர்மலையில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி இதை எந்தத் தொழில்நுட்பக்காரரையும் விடத் தெளிவாகச் சொன்னார்: "தம்பி, இவன் வாயை மூடின பிறகும் கதைச்சுக்கொண்டே இருக்கிறான்."

காரணம் எளிது. டிவி சத்தத்தைச் சுருக்கி, வானொலி அலையில் அனுப்பி, ஸ்பீக்கர் அதை வாங்கிச் சேமித்து, திரும்ப விரித்து ஒலிக்க வேண்டும். எல்லா புளூடூத் ஸ்பீக்கரும் புரிந்துகொள்ளும் எஸ்பிசி என்ற முறையில் இது சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை எடுக்கும். மேலே சொன்ன 125ஐத் தாண்டிவிட்டது, அல்லவா? ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறை இதை 40 அளவுக்குக் குறைக்கும். ஆனால் டிவியிலும் ஸ்பீக்கரிலும் இரண்டு பக்கமும் அது இருக்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியில் மட்டும் அந்தப் பெயர் அச்சடித்திருந்தால் பிரயோசனம் இல்லை.

சில செயலிகள் சில டிவிகளில் ஸ்பீக்கரின் தாமதத்தைக் கணக்குப் பார்த்துப் படத்தையும் அவ்வளவு நேரம் பிடித்துவைக்கும். யூடியூப்பில் சரியாக இருந்து வேறொரு செயலியில் பிந்துவது அதனால்தான். ஆப்பிள் டிவி பெட்டியில் 2019இல் வந்த ஒரு வசதி உண்டு: ஐபோனை டிவிக்கு அருகில் பிடித்தால் அது ஒலியைக் கேட்டு, எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து சரிசெய்யும். பெட்டியும் ஐபோனும் வீட்டில் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி.

மற்றவர்களுக்கு வயர்தான் என் தீர்ப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கரின் ஆக்ஸ் துளைக்கு 3.5 மில்லிமீட்டர் வயர் ஒன்று. விலை ஒரு பொருட்டே இல்லை. பல புளூடூத் ஸ்பீக்கர்களில் அந்தத் துளை தூசி பிடித்தபடி இருக்கும். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னத் தொல்லை: உப்புக்காற்றில் பிளக்கின் முனை கறுத்துக் கரகரக்கும். அவ்வப்போது கழற்றித் துடைத்துப் போட்டால் சரி.

ஆர்க்கா, ஒப்டிகலா?

சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி. டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும். ஆர்க் என்பது இதைத்தான், 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. டிவியிலிருந்து சத்தம் அதே வயரில் சவுண்ட்பாருக்குப் போகும், டிவி ரிமோட்டாலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 2017இல் எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்த அதன் புதிய வடிவமான ஈஆர்க்கில் உதடும் குரலும் தானாகப் பொருந்தும் ஏற்பாடு கட்டாயம். டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ஈஆர்க் இருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இல்லை, அதைத்தான் போடவேண்டும்.

பழைய ஆர்க் மட்டும் இருந்தால், ஒளியால் சத்தத்தைக் கடத்தும் ஒப்டிகல் வயரையும் நான் ஒருக்கா போட்டுப் பார்ப்பேன். ஒப்டிகல் வயரில் சத்தம் ஒரு வழியில் மட்டும் போகிறது, தாமதம் பற்றி இரண்டு கருவிகளும் பேசிக்கொள்ள வழியில்லை, ரிமோட் வசதியும் போய்விடும். ஆனால் அதில் மின்சாரம் பாயாது. ஹூம் என்ற இரைச்சல் இருக்கும் வீடுகளில் அதுவே பெரிய நிம்மதி.

எந்த வயரானாலும், சத்தம் கொஞ்சம் பிந்தினால் டிவியின் ஓடியோ வெளியீட்டை "ஓட்டோ" அல்லது "பாஸ் த்ரூ"விலிருந்து "பிசிஎம்" என்ற தெரிவுக்கு மாற்றிப் பாருங்கள். டொல்பி ஒலியைப் பிரிக்கும் வேலையை அப்போது டிவியே முடித்துக் கொடுத்துவிடும், சவுண்ட்பார் வாங்கி ஒலித்தால் போதும். இழப்பு என்னவென்றால் பல டிவிகளில் ஐந்து ஸ்பீக்கர் ஒலி இரண்டாகச் சுருங்கிவிடும். உங்கள் சவுண்ட்பாரே இரண்டு சனல்காரர் என்றால் இழக்க ஒன்றும் இல்லை.

ஸ்லைடரா, படச் செட்டிங்கா?

பெரும்பாலான டிவிகளிலும் சவுண்ட்பார்களிலும் "ஏவி சிங்க்" அல்லது "ஓடியோ டிலே" என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. ஃபயர் டிவி ஸ்டிக்கிலும் உண்டு. இதை எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இது செய்யும் முக்கியமான வேலை சத்தத்தைப் பிந்தவைப்பது. ஏற்கெனவே பிந்துகிற சத்தத்தை இன்னும் பிந்தவைத்து என்ன பயன்? சில மொடல்களில் மைனஸ் பக்கமும் இருக்கிறது. இருந்தால் தள்ளிப் பாருங்கள். புளூடூத்தின் 200 மில்லிசெக்கனை அது விழுங்கிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

சத்தம் முந்துகிறது என்றால் ஸ்லைடருக்கு வேலை இருக்கிறது. ஆனால் அங்கேயும் நான் முதலில் தொடுவது படச் செட்டிங்கைத்தான். செட்டொப் பெட்டியிலிருந்து சத்தம் நேராக அம்ப்ளிஃபையருக்குப் போக, படம் மட்டும் டிவிக்குள் போய் மெருகேறிக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் செட்டிங், இல்லாத ஃபிரேம்களை நடுவில் உருவாக்க அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும். படம் அவ்வளவு நேரம் பிந்த, சத்தம் முந்தியதுபோல் தெரிகிறது. அந்தச் செட்டிங்கை நிறுத்துங்கள், அல்லது கேம் மோடைப் போடுங்கள். படம் நாடகத்தனமாக வழுக்குவதும் சேர்ந்து நின்றுவிடும், அது எனக்கு இரட்டை லாபம். அதன் பிறகும் மிச்சம் இருந்தால் ஸ்லைடரைச் சிறிது சிறிதாகத் தள்ளலாம்.

டிவிக்குள் இருக்கும் செயலியா, தனி ஸ்டிக்கா?

இது வேறு வகை நோய். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகுகிறது. பத்து செக்கன் பின்னால் தள்ளினால் திரும்பச் சரியாகிறது. இதற்கு வயரும் தேவையில்லை, ஸ்லைடரும் உதவாது, ஏனென்றால் விலகல் ஒரே அளவில் நிற்பதில்லை. பழைய ஸ்மார்ட் டிவியின் சிப் புதுச் செயலியின் பாரத்தைத் தாங்க முடியாமல் ஃபிரேம்களைத் தவறவிடுகிறது. ஸ்டான்ட்பையில் போடாமல் பிளக்கையே கழற்றி ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள், செயலியை அப்டேட் செய்யுங்கள். அப்படியும் திரும்ப வந்தால் டிவியை மாற்றுவதைவிட எச்டிஎம்ஐயில் ஸ்டிக் ஒன்றைச் செருகுவது மலிவு. எல்லாச் செயலியிலும் சரியாக இருந்து ஒரே ஒரு படத்தில் மட்டும் விலகினால் குற்றம் அந்தக் கோப்பில். காத்திருந்து பாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்ப்பவர்களும் நிறைய. திரையை அப்படியே பிரதிபலிக்கும் மிரரிங்கை விட, செயலிக்குள் இருக்கும் காஸ்ட் அடையாளத்தை அழுத்துவது எப்போதும் நல்லது. மிரரிங்கில் போன் தன் திரையைத் திரும்பப் படமாக்கி அனுப்புகிறது. காஸ்டில் டிவியே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மிரரிங் செய்துகொண்டு சத்தத்தைப் போனிலேயே விட்டால் சத்தம் முந்தத்தான் செய்யும், படம் இன்னும் வந்து சேரவில்லையே.

இன்டர்நெட் பெக்கேஜைக் கூட்டுவது இந்தப் பட்டியலில் கடைசியிலும் கடைசி. படத்துக்கும் சத்தத்துக்கும் தனித்தனி நேரக்குறி ஒட்டித்தான் வருகிறது, டிவி அதைப் பார்த்துத்தான் இரண்டையும் கோக்கிறது. லைன் மெதுவானால் படம் நின்று வட்டம் சுற்றும், தரம் மங்கும். உதடும் குரலும் பிரிவது அதன் வேலை இல்லை. கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டார் விக்கெட் என்று கத்திய பிறகு உங்கள் டிவியில் பந்து போடப்படுகிறதே, அதுவும் வேறு கதை. அவர் வீட்டில் டிஷ், உங்கள் வீட்டில் ஸ்ட்ரீமிங். உங்களுக்குப் படமும் சத்தமும் சேர்ந்தேதான் பிந்துகின்றன.

கடைக்குப் போகிறவர்கள் போகும் முன் டிவியின் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஏஆர்சி என்று எழுதியிருக்கிறதா, ஒப்டிகல் துளை இருக்கிறதா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டும் இல்லாத டிவிக்கு விலையான சவுண்ட்பாரை விற்கப் பார்த்தால், "புளூடூத்தில் வேலை செய்யும் அண்ணா" என்ற பதிலோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு வரவேண்டாம். ஆக்ஸ் துளை இருக்கும் ஸ்பீக்கர் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், மிச்சக் காசுக்கு ஸ்டிக் வாங்கலாம்.