பிளஸ் ஒன் படிக்கும்போதே என்பிடெல்: சேர்க்கலாமா?

டெக்சாஸில் இருக்கும் மச்சினன் மகன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே ஏ.பி. தேர்வு (பள்ளியிலேயே காலேஜ் அளவுப் பாடத்துக்கு எழுதுவது) எழுதி 5-க்கு 4 வாங்கி, காலேஜுக்குள் நுழையும்போதே கிரெடிட்டோடு, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்போடு, நுழைந்தான். நம்மூரில் அந்த மாதிரி ஏதாவது உண்டா என்று தேடித்தான் என்பிடெல்லுக்கு வந்தோம். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடங்கள் இவை. பாடம் கேட்கக் காசு கிடையாது, தேர்வு எழுத மட்டும் பணம் கட்ட வேண்டும். நாங்கள் கட்டியது 1000 ரூபாய்.

மகள் கோபியில் பிளஸ் ஒன். அவள் எடுத்தது ஐஐடி ரோபரின் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்', பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதச் சொல்லித் தரும் பாடம், 12 வாரம். கம்ப்யூட்டரே தெரியாத பிள்ளைக்கும் புரிகிற மாதிரி விளையாட்டாகச் சொல்லித் தருகிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஆங்கிலம் முதல் இரண்டு வாரம் பிடிபடவில்லை, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள், அப்புறம் பழகிவிட்டது. ஆறாவது வாரம் இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு வந்து "முடிச்சுப்போட்டேனுங்கப்பா, பாருங்க" என்று லேப்டாப்பை நீட்டினாள். அவளே எழுதிய புரோகிராம், மஞ்சள் எத்தனை குவிண்டால், என்ன விலை என்று போட்டால் கமிஷன், ஏற்றுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்துக் கையில் வருவது எவ்வளவு என்று காட்டுகிறது. மண்டிச் சீட்டை எடுத்து வைத்துச் சரிபார்த்தேன், பைசா மாறவில்லை.

மார்க் கணக்கு இப்படி. வாராவாரம் அசைன்மென்ட், அதில் நல்லதாக எட்டை எடுத்து 25 மார்க்குக்குக் கணக்கிடுகிறார்கள், மீதி 75 நேரடித் தேர்வு. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 இரண்டும் வந்தால்தான் சான்றிதழ். காலாண்டுப் பரீட்சை நடுவில் வரும், அதனால் முதல் வாரங்களிலேயே அசைன்மென்ட் மார்க்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குக் கோயமுத்தூர் போனோம், காலை 9 மணிக்கு என்பதால் விடியும் முன்பே சத்தி, புளியம்பட்டி, அன்னூர் வழியாகப் பஸ். ஹால் டிக்கெட்டோடு ஒரிஜினல் அடையாள அட்டையையும் மறக்காதீர்கள்.

இனி கிரெடிட் விஷயம், இதைப் பொறுமையாகப் படியுங்கள். 12 வாரப் பாடம் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1. ஆனால் அதை எடுத்துக்கொள்வது நம் பிள்ளை சேரப்போகும் காலேஜின் முடிவு. நான் விசாரித்த ஒரு காலேஜில் "இங்கே சேர்ந்த பிறகு எழுதினால் பார்க்கலாம், முன்னாடி எழுதியது கணக்கில் வராது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் கிரெடிட்டை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். காலேஜில் வாயால் சொல்வது போதாது, எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் அம்மிணிக்கு 71 வந்தது, 60-க்கு மேல் என்பதால் சான்றிதழில் 'எலைட்' என்று போட்டிருக்கிறார்கள். ஜனவரி பேட்சில் அடுத்ததுக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது, இந்த முறை தானே தேடி எடுத்தாள்.