ஆர்பிஎல் லைட்டா, கிளாசிக்கா?

சிறு கருவிகளுக்கான இயங்குதளமான கான்டிக்கி-என்ஜியில் சென்சார் வலையமைப்பு கட்டுபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். இரண்டும் ஆர்பிஎல் என்ற வழித்தட நெறிமுறையின் (2012-இல் வெளியான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 6550) செயலாக்கங்களே. லைட் இயல்பாகவே வரும். கிளாசிக் வேண்டுமென்றால் மேக்ஃபைலில் (நிரலைத் தொகுக்கும் கட்டளைக் கோப்பில்) ஒரு வரி போதும்.

நினைவகம்
லைட்: வழித்தடங்கள் முழுவதும் ரூட் முனையிடம், அதாவது வலையமைப்பு மரத்தின் உச்சியில் உள்ள கருவியிடம், இருக்கும். மற்ற முனைகளுக்குத் தாய் முனை (தனக்கு நேர் மேலே உள்ள முனை) யாரென்று தெரிந்தால் போதும்.
கிளாசிக் (ஸ்டோரிங் முறை): ஒவ்வொரு இடைமுனையும் தனக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் வழி வைத்திருக்க வேண்டும். அட்டவணை நிரம்பினால் புதிய முனைக்குக் கீழ்நோக்கிய வழி கிடைக்காது. பெரிய வலையமைப்பில் இதுதான் உண்மையான தலைவலி. ரூட்டுக்கு அருகிலுள்ள முனைகள்தான் முதலில் திணறும்.

பாக்கெட் அளவு
லைட்: ரூட் அனுப்பும் பாக்கெட்டிலேயே முழு வழியும் எழுதப்படும். 802.15.4 என்ற குறைந்த மின்சக்தி வானொலித் தரத்தின் ஃபிரேமில் மொத்தமே 127 பைட்தான், ஆகவே தாவல்கள் (முனைக்கு முனை கடக்கும் படிகள்) கூடக்கூடத் தரவுக்கு இடம் குறையும்.
கிளாசிக்: ஸ்டோரிங் முறையில் அந்தச் சுமை இல்லை.

முனைக்கு முனை பேச்சு
லைட்: பக்கத்து கிளைக்கும் ரூட் வரை ஏறித்தான் இறங்க வேண்டும்.
கிளாசிக்: பொதுவான மூதாதை முனையிலேயே திரும்பிவிடும்.

பிழை தேடல்
லைட்டின் நிரல் சிறியது, வாசிக்க எளிது. ரூட்டைப் பார்த்தாலே மொத்த மரமும் தெரியும்.

அளவீடுகளைச் சேகரித்து மேலே அனுப்புவதுதான் வேலையா? லைட்டை எடுங்கள், தயக்கமே வேண்டாம். முனைகள் தங்களுக்குள் நிறையப் பேச வேண்டும், ராம் தாராளம் என்றால் கிளாசிக். அப்புறம், ஒன்றுக்கு மேற்பட்ட ஆர்பிஎல் இன்ஸ்டன்ஸ் (ஒரே வலையமைப்பில் தனித்தனியாக இயங்கும் ஆர்பிஎல் அமைப்பு) தேவைப்பட்டாலும் கிளாசிக்தான். லைட் ஒன்றை மட்டுமே ஏற்கும்.