ஹைரைடர் ஹைபிரிட்: வீட்டு வண்டியாக வைத்து ஓட்டினால்

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா கார்கள் இரண்டின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டிலும் (பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே வண்டியை ஓட்டக்கூடிய மின் மோட்டாரும் உள்ள மாடல்) இருப்பது ஒரே டொயோட்டா அமைப்பு: 1490 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின், 80 பிஎஸ் மோட்டார், 0.76 யூனிட் பேட்டரி. சேர்ந்து தருவது 116 பிஎஸ். சான்றிதழ் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர்.

இந்த வண்டிக்குச் சொந்த மைதானம் நெரிசல்தான். மாலை நேர ஜிஎஸ்டி சாலையில் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்து போகும்போது இன்ஜின் பாதி நேரம் அணைந்தே கிடக்கும். ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர் குறையாது. ஊருக்குள் 22க்கு மேல் தாராளமாகக் கிடைக்கும். நாற்கரச் சாலையில் 100ஐத் தாண்டிப் பிடித்தால் இன்ஜினே சுமக்கிறது, லாபம் சுருங்கிவிடும். முந்துவதற்கு அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகுதான்.

சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நியூட்ரலில் ஹைபிரிட் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி மட்டும் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். 'D' (டிரைவ்) நிலையிலேயே வைத்து பிரேக்கைப் பிடித்தால் போதும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். பெட்ரோல் 100 ரூபாய், மைலேஜ் சாதா பெட்ரோல் மாடலுக்கு 15, ஹைபிரிட்டுக்கு 22 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் சொச்சம். விலை வித்தியாசம் இரண்டரை லட்சம் என்றால், ஏறக்குறைய 1,18,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே கைக்கு வரும். மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓடாத வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குடும்பத்துக்கு உண்மையான இடைஞ்சல் டிக்கி. பேட்டரி அங்கே உட்கார்ந்திருப்பதால் தளம் உயர்ந்து, சுமார் 265 லிட்டர்தான் மிஞ்சுகிறது. பெரிய பெட்டி ஒன்று போனால் மற்றவை மடிமேல்தான். பின்சீட்டில் கால் நீட்ட இடமுண்டு. சன்ரூஃப் உள்ள மாடலில் உயரமானவருக்குத் தலை இடிக்கும்.

மலையிறக்கம் தனிப் பாடம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,200 மீட்டர் இறக்கம். ஆளும் சுமையுமாக 1,600 கிலோ வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது 5 யூனிட் அளவுக்கு ஆற்றல் வெளிவருகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் அதை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. உராய்வில் ஒரு பங்கு போனாலும், 0.76 யூனிட் பேட்டரி பாதி மலைக்கு முன்பே நிரம்பிவிடும். அதன்பின் மோட்டார் பிடித்து நிறுத்துவது குறைந்து, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். அதனால் உச்சியிலேயே கியரை 'B' நிலையில் (இன்ஜின் பிரேக்; பார்க்கிங்குக்கான 'P' அல்ல) போட்டு இறங்குங்கள். அப்போது இன்ஜின் உறுமுவது கோளாறல்ல. பெட்ரோல் எரிக்காமல் சுழன்று வண்டியை இழுத்துப் பிடிக்கிறது.

பேட்டரி குளிரக் காற்று இழுக்கும் துளைத் தட்டு பின்சீட் பக்கம் இருக்கிறது. அதன்மேல் பையோ போர்வையோ சாய்ந்தால் விசிறி இரைச்சல் கூடும், சூடு ஏறினால் மோட்டார் பலம் குறையும். அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்தார்களா என்று ஒவ்வொரு சர்வீசிலும் கேட்டு வாங்குங்கள். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. காலை வாருவது பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் வண்டி கிளம்பத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியாது. வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது 'ரெடி'யில் விட்டு வையுங்கள்.