ரக்கூனுக்கு அடித்த மரப்பெட்டி: நான்கு கோடை அனுபவம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், வளவில் சோளன் நட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பால் பிடித்துவிட்டது, நாளைக்கு முறிக்கலாம் என்று நினைத்துப் படுப்போம். விடியப் பார்த்தால், முகத்தில் கறுப்புப் பட்டை போட்ட இரவுப் பிராணியான ரக்கூன் முறித்துத் தின்றிருக்கும்.

அதை உயிரோடு பிடிக்கக் கடையில் விற்கும் கம்பிக்கூடு வாங்க மனமில்லாமல் நானே பொறிப்பெட்டி அடித்தேன். முக்கால் அங்குல பிளைவுட். 32 அங்குல நீளம், அகலமும் உயரமும் 12. முன்னால் காடியில் ஓடும் பலகைக் கதவு. பின்னால் கம்பிவலை, ஏனென்றால் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தால் தயங்காமல் நுழையும். மேற்பலகைத் துளையில் வெட்டுப் போட்ட குச்சி ஒன்று கொளுவி நிற்கும். இரையை இழுத்தால் குச்சி நழுவும், கதவைத் தூக்கிப் பிடித்திருக்கும் கயிறு தளரும், கதவு விழும்.

முதல் இரவே கதவு விழுந்திருந்தது. உள்ளே ரக்கூனும் இல்லை, இரையும் இல்லை. கதவின் கீழ் விளிம்பில் கீறல்கள். விளிம்புக்குக் கீழ் கையை விட்டுக் கதவைத் தூக்கித் தப்பியிருக்கிறது. கதவு விழுந்தவுடன் தானாகச் சாய்ந்து பூட்டும் தகரத் துண்டொன்று வைத்தேன். அடுத்த முறை கதவு விழவேயில்லை, இரை மட்டும் போய்விட்டது. பின்வலைக்கு வெளியே நின்று குழந்தைக் கை போன்ற அந்தக் கையை விட்டு எடுத்திருக்கிறது! வலையை அரை அங்குலக் கண்ணுக்கு மாற்றிய பிறகுதான் ஆள் அகப்பட்டார்.

வைக்கும் இடத்திலும் பிழை விட்டேன். புல்தரை நடுவே ஒரு கிழமை சும்மா கிடந்தது. ரக்கூன் வேலியோரம், சுவரோரமாகத்தான் நடக்கும். கொட்டகைக்கும் வேலிக்கும் இடையே மாவு தூவி, விடிய அடிச்சுவடு பார்த்து, அந்த வழியிலேயே வைத்தேன். மேலே இரண்டு சீமெந்துக் கல், இல்லாவிட்டால் புரட்டிவிடும். இரைக்கு மீன் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பூனைதான் வரும். மாஷ்மெலோ என்ற மெதுமிட்டாயில் கொஞ்சம் கச்சான் வெண்ணெய் போதும்.

ஒருமுறை ஸ்கங்க் (பயந்தால் நாற்றநீர் பீச்சும் பிராணி) அகப்பட்டது. பின்வலை தவிர மற்றப் பக்கமெல்லாம் மூடி இருட்டாக இருந்ததாலோ என்னவோ பீச்சியடிக்கவில்லை. தூர நின்று கயிற்றால் கதவைத் தூக்கினேன், அது ஆறுதலாக நடந்துபோனது. கம்பிக்கூடாக இருந்திருந்தால் என் கதை வேறு.

குறைகளும் உண்டு. பாரம். மூத்திரம் பலகையில் ஊறிவிடும். எச்சத்தில் உருளைப்புழு முட்டை இருக்கக்கூடும் என்பதால் கையுறை போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றித்தான் கழுவுவேன். மூன்றாம் பனிக்காலத்தில் அடிப்பலகை உக்கிவிட்டது, மாற்றினேன். ஏப்ரல் முதல் ஜூலை வரை பெட்டியைத் தொடுவதில்லை; தாய் அகப்பட்டால் குட்டிகள் எங்கோ பட்டினி கிடக்கும்.

பிடித்ததைத் தூரக் கொண்டுபோய் விடலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்ராறியோவில் 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட வேண்டும். 2015 கடைசியில் ஹமில்ரன் பக்கம் ரக்கூன்களில் விசர்நோய் மறுபடி தலைகாட்டியதை நினைத்தால் அந்தச் சட்டம் சரியென்றே படுகிறது. ஆனால் இடது காது கிழிந்த ஒன்றை வேலிக்கு அப்பால் விட்டேன். நாலாம் நாள் அதே காது, அதே பெட்டி.

அதன்பிறகு, ரக்கூன் புகுந்து தங்காதபடி, வீட்டோடு ஒட்டிய மரத்தளமான டெக்குக்குக் கீழே ஓரடி ஆழம் கிண்டி, வலையை வெளிப்பக்கம் மடித்துப் புதைத்தேன். போன கோடையில் பெட்டி இரண்டு தடவைதான் வெளியே வந்தது. இப்போது அது பின்வீட்டு அக்காவிடம் இரவல். நேற்றுக் கேட்டா: "தம்பி, மாஷ்மெலோ முடிஞ்சுது, தொதல் வைச்சா வருமோ?"